நாக்குக்கு அடியில் கிளைசின்

ரிம்மா பாவ்லோவ்னாவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் தொலைபேசியில் ஊர் முழுக்க அவளைப் "பொண்ணே" என்றுதான் கூப்பிட்டது.

"பொண்ணே, எங்க வீட்டுக் குழாய் ஜில்லுன்னு கிடக்கு."

"பொண்ணே, குழந்தைக்கு ஜுரம். நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

வோல்கா கரையிலிருந்த அந்தச் சிறு நகரத்தில், வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு அனுப்பும் நிலையத்தில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. கோடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கலாம். அக்டோபர் பிறந்துவிட்டால் காது பழுத்துவிடும். மணி அடிக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழும். கை தானாக மேசை இழுப்பறைக்குப் போகும். வெள்ளை மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வாள். லேசாகத் தித்திக்கும்.

கிளைசின் என்றால் அங்கே யாருக்கும் புருவம் உயராது. நம் உடம்பே செய்துகொள்கிற அமினோ அமிலம்தான், எந்த மருந்துக்கடையிலும் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்கள், மாமியாரைப் பார்க்கப் போகிற மருமகள்கள் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள். அதனால் ரிம்மா வருஷக்கணக்கில் அதைச் சப்பிக்கொண்டிருந்தது யார் கண்ணுக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அவள் கணவன் க்ளெப் வடக்கே எண்ணெய் வயலில் வேலை பார்த்தான். ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. பிறகு அங்கேயே இருந்துவிட்டான். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஒரு நாள் வந்து, கனத்த குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு, மகள் இங்காவின் தலையைத் தடவிவிட்டுப் போனான், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் ரிம்மாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. வட்டார மருத்துவமனை டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "நரம்புத் தளர்ச்சிம்மா. கிளைசின் போடுங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார். ஒரு மாதத்துக்கென்று சொன்ன மாத்திரை அது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

இங்கா பள்ளிக்கூடத்தில் முதல்முறை மேடையேறப் பயந்து அழுதபோது அவளுக்கும் அதையே கொடுத்தாள். "நாக்கைத் தூக்கு. ம், அப்படித்தான். கரையற வரைக்கும் பேசக் கூடாது." குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டியது.

ஒரு ஜனவரியில் தெருவுக்கடியில் பெரிய குழாய் வெடித்தது. பாதி ஊருக்குச் சூடு போய்விட்டது. காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. திட்டினார்கள், சாபம் விட்டார்கள். ரிம்மா மாத்திரை மேல் மாத்திரையாகப் போட்டுக்கொண்டு, "ஆளுங்க வேலை பாத்துக்கிட்டிருக்காங்க" என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். மதியத்துக்கு மேல் ஓர் ஆள் பேசினான். அவன் கத்தவில்லை.

"பொண்ணே, உங்க மேல கோவமில்ல. எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. கேஸ் அடுப்பைப் பத்தவெச்சு அதுக்குப் பக்கத்துல படுக்க வெச்சிருக்கேன். எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

திட்டுகளையெல்லாம் தாங்கிக்கொண்டவளால் அதைத் தாங்க முடியவில்லை. இடக்கை மரத்தது. மூச்சு உள்ளே போக மறுத்தது. பக்கத்து நாற்காலிக்காரி ஃபைனா ஓடி வருவதற்குள் ரிம்மா தரையில் சரிந்திருந்தாள்.

ஆம்புலன்சில் வந்த பெண் இ.சி.ஜி. தாளைப் பார்த்தாள். "இதயத்துல ஒரு கோளாறும் இல்ல. முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"வரும். கிளைசின் போட்டா அடங்கிடும்."

"எப்பலேர்ந்து போடுறீங்க?"

"எம் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்து."

"பொண்ணு இப்ப என்ன பண்றா?"

"கல்யாணம் ஆச்சு. விவாகரத்தும் ஆயிடுச்சு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா அதை மட்டும் நம்பிக்கிட்டு இருந்திருக்கீங்களே அக்கா. அதனால கெடுதல் வந்துடல, ஆனா உங்களுக்கு இருக்கறதுக்கு அது போதாது. மனநல டாக்டரைப் பாருங்க."

"எனக்கென்ன பைத்தியமா?" என்று ரிம்மா தரையில் உட்கார்ந்தபடியே சீறினாள்.

"பைத்தியம் இல்லேன்னா நீ எப்பவோ இந்த வேலையை விட்டிருப்ப" என்றாள் ஃபைனா.

ரிம்மா போகவில்லை. மாத்திரையைத்தான் கூட்டினாள். ஃபைனாதான் இங்காவுக்குச் சொல்லிவிட்டாள். சமாரா நகரத்திலிருந்து ரயிலேறி வந்த மகள், சமையலறையில் கோதுமைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, நான் ஒரு வருஷமா டாக்டர்கிட்ட போறேன்."

"எதுக்கு?"

"உனக்கு வர்ற அதேதான். மூச்சு முட்டும். செத்துடுவோம்னு தோணும்."

"சொல்லவே இல்லையேடி!"

"நீ எங்க சொல்ல விட்ட? அப்பா எங்கேன்னு அழுதேன், மாத்திரை குடுத்த. பள்ளிக்கூடத்துல அடிச்சாங்கன்னு வந்தேன், மாத்திரை குடுத்த. கரையற வரைக்கும் பேசாதேன்னு சொல்லுவ. கரைஞ்சு முடியறப்ப நீ வேலைக்குப் போயிருப்ப."

ரிம்மாவுக்குக் கோபம் வந்தது. நான் ஒருத்தியாக உன்னை வளர்க்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் அதற்கும் தெம்பில்லாமல் போயிற்று. "கஞ்சி அடிப்பிடிக்குது பாரு" என்றாள். தானே அடுப்பை அணைத்துவிட்டு, "எங்க போகணும், சொல்லு" என்றாள்.

மனநல மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இங்காவுக்குப் பக்கத்தில் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எதிர் பெஞ்சில் அவளுடைய மேலதிகாரி ரோடியோன் ஸ்தெபானிச் இருந்தார். ஒரு அழைப்பைத் தவறவிட்டாலும் எல்லோர் எதிரிலும் குதறிவிடுகிற ஆள். இருவருக்கும் ஓட வழியில்லை.

"முதுகு வலி" என்றார் அவர்.

"எனக்கும் முதுகுதான்" என்றாள் ரிம்மா.

இங்கா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவரே தாழ்ந்த குரலில், "பயப்படாதீங்க ரிம்மா பாவ்லோவ்னா. உள்ள இருக்கற டாக்டரம்மா நல்லவங்க. நாம சொல்றதைக் கேக்கறதுக்கு முன்னாடி மருந்து எழுத மாட்டாங்க" என்றார்.

புது மாத்திரை முதலில் படுத்தியெடுத்தது. குமட்டல், தலைபாரம். விட்டுவிடலாம் என்று பலமுறை தோன்றியது. வாரம் ஒருமுறை போய்ப் பேசவும் வேண்டியிருந்தது, அதுதான் இன்னும் கஷ்டம். க்ளெப் குளிர்கோட்டை எடுத்துக்கொண்டு போனதை வெளியில் சொல்லவே கோடை வந்துவிட்டது. அவள் பெரிய சந்தோஷக்காரியாக மாறிவிடவில்லை. நெஞ்சுக்குள் கழன்று விழுவது அவ்வப்போது விழுந்தது, ஆனால் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகவில்லை. கிளைசினை எப்போது போடாமல் விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அடுத்த குளிர்காலத்திலும் ஒரு குழாய் வெடித்தது. யாரோ ஒருவன் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தபோது ரிம்மா எழுந்து, "ஃபைனா, என்னால முடியல, வெளிய போயிட்டு வரேன்" என்றாள். இத்தனை வருஷ வேலையில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரோடியோன் ஸ்தெபானிச் அறையிலிருந்து வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து, "ம், சொல்லுங்க" என்று தொலைபேசியை எடுத்தார்.

அன்று மாலை வீடு திரும்பும்போது டிராமில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்ணாடியில் தலையைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் டிராம் ஓட்டுகிறவள் வந்து தோளைத் தொட்டு, "பொண்ணே, எழுந்திருங்க" என்ற பிறகுதான் கண் விழித்தாள்.