கண்டக்டர் தோளில் ஓர் அந்துப்பூச்சி

தாமலிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு நரைத்த தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. கண்ணில் பட்டதையெல்லாம் அதை வைத்துப் பார்த்தார், என் டிக்கெட்டைக்கூட.

திடீரென்று, “கண்டக்டர் சார், அசையாதீங்க!” என்று கத்தினார்.

கண்டக்டரின் காக்கித் தோளில் பழுப்பாய் ஓர் ஆந்தை அந்துப்பூச்சி. பெரியவர் இதைத் தேடித்தான் வருஷக்கணக்காய் அலைகிறாராம்.

“இதுல இன்னா சார் அப்டி விசேஷம்?” கண்டக்டர் கழுத்தைத் திருப்பாமல் கேட்டார்.

“பூச்சிங்கள வகை பிரிக்கிறவங்க இந்தப் பேரினத்த பழைய குடும்பத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. வேற எந்தக் குடும்பத்துலயும் இன்னும் சேர்க்கல.”

“எம் பொண்ணு கததான் சார். கல்யாணம்னு எங்க ரேஷன் கார்டுல பேர எடுத்துட்டாங்க. மாமியார் ஊட்டு கார்டுல இன்னும் ஏத்தல. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிக்கினு இருக்குது.”

“அதேதான்! அதேதான்!” பெரியவர் துள்ளிக் குதித்துக் கைதட்டினார். அந்தச் சத்தத்தில் பூச்சி ஜன்னல் வழியே பறந்துவிட்டது.

அழுவார் என்று நினைத்தேன். “மொத தடவையா ஒருத்தருக்குப் புரிஞ்சிடுச்சு!” என்று என் தோளைக் குலுக்கிச் சிரித்தார். வண்டி திருப்புட்குழியில் நின்றதும் இறங்கி, பூச்சி போன திசையில் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

கண்டக்டர் மட்டும் அந்தத் தோளை அசைக்கவே இல்லை. ஒற்றைக் கையால் டிக்கெட் கிழித்தபடி என்னருகே வந்து, பூச்சி தோளில் இட்டுப்போன முட்டைக் கொத்தைக் காட்டி, ரகசியமாகக் கேட்டார்:

“சார் எறங்கிட்டாரே, இத நான் எங்க கொண்டுபோய் சேர்க்கறது?”