சாமி தூக்குகிறவரின் வலது தோள்

பிசியோதெரபி என்றால் கையைப் பிடித்து முறுக்குவார்கள் என்று பயந்து, பீரோ சாவி இருக்கும் இடத்தை மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அங்கே முதலில் கேள்விகள்தான். எங்கே வலி, எத்தனை நாளாக, என்ன வேலை. பிறகு கையைத் தூக்கச் சொன்னார் பிசியோதெரபி பார்க்கிற பெண். பாதியிலேயே நான் போட்ட அலறலில் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவர் திருவிழாவில் சாமி தூக்குகிறவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் போலக் காய்ப்பு. பேசும் முன் அதை ஒருமுறை தடவிக்கொள்வார். எனக்குப் பொறாமையாக இருந்தது. இருபது வருஷம் லேப்டாப் பை சுமந்த என் தோளில் ஒரு கோடுகூட இல்லை.

"வலி போனதும் என்ன செய்யணும் சார்?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார்.

"நானே தலை வாரிக்கணும்."

அடுத்து அவரைக் கேட்டார்.

"கருட சேவைக்குத் தூக்கணும்மா."

"இடது தோளுக்கு மாத்திக்கங்களேன்."

"அது எப்டிமா? அந்தாண்ட என் உசரத்துக்கு ஒருத்தன் நிக்கிறான். நான் மாறினா சாமி சாஞ்சிடும்."

"அப்போ இந்த வருஷம் தூக்கக் கூடாதுய்யா."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தேற்றுவதாக நினைத்து, "என்னை எதையும் செய்யக் கூடாதுன்னு இவங்க சொல்லல அண்ணே," என்றேன்.

"நீ குடுத்து வெச்சவன்பா," என்றது துண்டுக்குள்ளிருந்து குரல்.

எதைச் செய்யக் கூடாது என்றால் நான் அப்படி முகத்தை மூடிக்கொள்வேன்? இன்றுவரை யோசிக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்த மனிதர்மேல் பொறாமையும் தீரவில்லை.