தவசியின் சடவு

சித்திரை வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு டிக்கெட் கிழித்த கண்டக்டர், எனக்குத் தெரிந்து தவசி ஒருவர்தான். எழுபத்தேழில், மதுரைக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் ஓடிய தனியார் பஸ் அது.

"என்ன மாப்ள, கொடைக்கானல் ட்ரிப்பா?" என்பார் டிரைவர் முத்துக்கருப்பன்.

பதில் சொல்லவும் தவசிக்குச் சடவாக இருக்கும். சடவு என்பது எங்கள் பக்கத்தில் உடம்பு அசதிக்குப் பெயர். படுத்து எழுந்தால் போய்விடும். தவசியினுடையது படுத்து எழுந்தால் கூடியது. திருமங்கலத்தில் ஏறியவர்கள் விசிலுக்காகக் காத்திருக்க, கம்பியைப் பிடித்தபடியே தூங்குவார். ஊர்ப்பெயரைக் கூவினால் தொண்டையில் தவளை கத்தியது.

இத்தனைக்கும் நடுவே முகம் பூசினாற்போல் ஆனதுதான் வினை. இங்கே ஒருவன் மெலிந்தால் சீக்கு, ஊதினால் செழிப்பு.

"தெளிஞ்சுட்டீகளே அண்ணே! வீட்ல தினமும் கறியோ?" என்பார்கள் பஸ்ஸில் வருகிறவர்கள்.

"அரை வயிறுதான் திங்கிறாரு. எங்கிட்டுப் போயி இம்புட்டு ஏறுதுன்னு தெரியல" என்று அவர் மனைவி அழகம்மாள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

முதலாளி சுருளிக்கு நம்பிக்கை வேறு மாதிரி. "சோம்பேறிப் பயலே, திருவிழாக் கூட்டம் முடியட்டும். பையைப் பிடுங்கி வேற ஆளு தோள்ல மாட்டுறேன்." கோச்சடை வீட்டில் தவசியின் மூன்று பிள்ளைகள் அந்தத் தோல்பையை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

தெரு டாக்டர் சத்து ஊசி போட்டார். இன்னொருவர் சிவப்பு டானிக் கொடுத்தார். டானிக் குடித்துவிட்டுத் தவசி இன்னும் நன்றாகத் தூங்கினார். கடைசியில் அழகம்மாள் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா குளிரைக் கேட்டார், மலச்சிக்கலைக் கேட்டார். பிறகு தவசியை ஸ்டூலில் முட்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது. திரும்பி வரும்போதுதான் யோசித்து யோசித்து வந்தது.

"காலும் இவரு மாதிரியே இருக்கு" என்றாள் அழகம்மாள்.

"சோம்பல் இல்லம்மா. கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு, அது சரியாச் சுரக்கல போல. ரத்தத்தைப் பார்த்துருவோம்."

ரத்தமும் அதையே சொன்னது. காலையில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க. தெளிவதற்குச் சில வாரம் ஆகும் என்றார்கள்.

தான் சோம்பேறி இல்லை என்று டாக்டரே சொன்ன சந்தோஷத்தில், தவசி நேரே காளவாசல் பஸ் ஷெட்டுக்குப் போய் முதலாளியிடம் ஒப்பித்தார். சுருளியின் முகம் இளகியது. முதல் தடவையாகத் "தம்பி" என்றார்.

"சீக்காளியை வேலை வாங்கி நான் பாவத்தைக் கட்டிக்கிறதா? பையை வச்சுட்டு வீட்ல ரெஸ்ட் எடு தம்பி."

சோம்பேறியைத் திட்டி வேலை வாங்கலாம். சீக்காளியை அனுப்பத்தான் முடியும். தவசிக்கு இது மெதுவாகத்தான் புரிந்தது. அந்த உடம்பில் எல்லாமே மெதுவாகத்தானே நடந்தது.

"முதலாளி, டாக்டரம்மா ஏதோ தப்பாச் சொல்லிருச்சு. நான் சோம்பேறிதான்."

சுருளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்படிச் சொல்லுடா எருமை. ஏறு வண்டில!"

தவசி ஏறினார். அன்றிலிருந்து, விடிகாலையில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, சாராயம் குடிப்பவனைப்போல் இருபுறமும் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை விழுங்கினார்.