தடித்த கத்தியும் கிளிச்சொண்டு மாங்காயும்

என் வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் அம்மா அன்று என்னை வெள்ளவத்தைக் கடற்கரைக்கு அனுப்பினார். மாப்பிள்ளை பார்க்க.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்கு ஒரு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அதன் கவுண்டரில் நிற்பது நான்தான். ஆணி, குழாய், பூட்டு, கத்தி, எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன். வயது முப்பத்து நாலு. வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார்கள்: "கலியாணத்துக்குப் பிறகு கடையை விட்டிடுவீங்கள்தானே?" ஒருவர் மட்டும் கேட்கவில்லை. அவர் வீட்டுக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று நான் அரை மணி நேரம் விளக்கினேன். பிறகு ஆளையே காணவில்லை.

"இந்தமுறையாவது பேசாமல் இரு. சிரி, அதுவே காணும்," என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். கடையை விட எனக்கு மனமில்லை. கடைசிவரை தனியாக இருக்கவும் மனமில்லை. இரண்டும் வேண்டும் என்றால் சொந்தக்காரர்கள் அதைக் கொழுப்பு என்றார்கள். இருக்கட்டுமே!

துணைக்கு அண்ணி வந்தார். தண்டவாளத்தைக் கடந்து போய்க் கற்களில் உட்கார்ந்தோம். அண்ணி கொஞ்சம் தள்ளி இருந்து, போனைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்பவர். மடிப்புக் கலையாத சட்டை. கையில் கிளி மூக்குப்போல நுனி வளைந்த இரண்டு கிளிச்சொண்டு மாங்காய், கடதாசியில் சுற்றிய உப்பும் மிளகாய்த்தூளும். அதைக் கண்டதுமே எனக்குப் பாதி மனம் இளகிவிட்டது. பிறகு பொக்கற்றிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து, 'டக்' என்று விரித்தார்.

அம்மாடி! அலகின் முதுகு மட்டும் நாலு மில்லிமீட்டர் இருக்கும்.

"இரும்புக்கடைப் பிள்ளை எண்டு சொன்னவை. அதுதான் நல்ல பாரமாப் பாத்து வாங்கினனான்," என்றார்.

எனக்காக ஒரு மனிதர் கத்தி வாங்கியிருக்கிறார்! அம்மா சொன்னபடி சிரித்தேன்.

முதலில் கைமுடியைச் சிரைத்துக் காட்டினார். கூரில் ஒரு குறையும் இல்லை. பிறகு மாங்காயில் வைத்து அழுத்தினார். கூர் உள்ளே இறங்கியது, பின்னால் வந்த தடிப்பு இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். மாங்காய் படாரென்று பிளந்து ஒரு பாதி அண்ணியின் மடியிலும் மற்றப் பாதி கடலிலும் போய் விழுந்தது.

"மாங்காய் சரியில்லைப் போல," என்றார்.

அங்கேதான் எனக்குப் பூட்டுக் கழன்றது.

"மாங்காயில ஒரு பிழையுமில்லை. கத்திதான் தடிப்பு. கூர் மட்டும் இருந்தாக் காணுமே? பின்னால முதுகும் உள்ள போகவேணும். இது ஆப்பு அடிச்ச மாதிரிப் பிளக்கும், வெட்டாது. பெட்டி நெம்ப, விறகு கீற எண்டா இதுதான் நல்லம், லேசில முறியாது. மாங்காய்க்குச் சரிவராது. ஆர் உங்களுக்கு இதை வித்தது? ஆளைக் காட்டுங்கோ!"

அண்ணி நெற்றியில் கையை வைத்தார். மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்துவிட்டன. சரி, கெட்டதுதான் கெட்டது, மாங்காயையாவது ஒழுங்காகச் சாப்பிடுவோம் என்று கைப்பையிலிருந்து என் கத்தியை எடுத்தேன். கடையில் கயிறு அறுக்க வைத்திருக்கும் சின்ன மடக்குக் கத்தி. முதுகு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. மற்ற மாங்காயை அது சத்தமில்லாமல் சீவித் தள்ளியது.

அவர் ஒரு சீவலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். "அட, வெளிச்சம் தெரியுது!" என்றார். பிறகு இரண்டு கத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து முதுகை ஒப்பிட்டுப் பார்த்தார். திடீரென்று விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஒரு கிழமையா வீட்டில கரட்டில பழகினனான். ஒவ்வொண்டும் வெடிச்சுது. என்ர கைதான் பிழை எண்டு நினைச்சன். ஏழு நாளும் எங்கட வீட்டில கரட் கறி!"

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய்த்தூள் கையால் துடைத்ததில் இன்னும் கொஞ்சம் வந்தது.

என் கத்தியை வாங்கி அவரும் இரண்டு சீவல் சீவினார். குனிந்தபடியே கேட்டார்:

"கலியாணத்துக்குப் பிறகும் நீங்கள் கடைக்குப் போவீங்கள்தானே?"

"ஏன் கேக்கிறீங்கள்?" என்றேன்.

"போகாட்டி எனக்கு ஆர் இதெல்லாம் சொல்லுறது? நான் இன்னும் ட்ரில் மெசினும் வாங்கவேணும்."

ஞாயிற்றுக்கிழமையாவது மண்ணாவது!

"அண்ணி, அம்மாவுக்குப் போன் எடுங்கோ!" என்று கத்தினேன். "ஓம் எண்டு சொல்லுங்கோ!"

அண்ணி, பொறு என்று கையைக் காட்டினார். அவர் வாய் நிறைய மாங்காய்.