ஆறாம் புத்தகத்துக் கேப்டன்

பேக்கரி வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு காதல் நாவல் படிக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிரேக் அண்ணன் அன்றைக்கு அப்படித்தான் கிடந்தார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் அட்டை கிழிந்த ஆறாம் புத்தகம். பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் கிரீஸ் விரல் ஒட்டி, சீமாட்டிகளின் பெயர்மேல் கறுப்பு மை வைத்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சாயங்காலம் மகள் விரும்புகிற பையன் வருகிறான். மகளைக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முந்தின நாள் மகள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க அப்பா. நான் அவரோட அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஒளிஞ்செல்லாம் போக மாட்டேன், சொல்லிட்டுத்தான் போவேன். ஆனா போனா வர மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். அவர் பெற்ற பெண்தானே.

அண்ணனுக்குப் பையனைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், கேப்டன் மாதிரி இருக்கிறான் என்பார். வெளியாருக்கு இது விளங்காது. அந்த வீட்டுக்குள் எல்லோருக்கும் விளங்கும்.

இவருக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கல்யாணமான புதிதில் ஒரு பழைய கார் பிரேக் வேலைக்கு வந்தது. டிக்கியில் ஒரு பெட்டி நிறையப் புத்தகம். "குப்பையில போடுங்க" என்றார் கார்க்காரர். போட மனசு வரவில்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கதை, தமிழில். மொத்தம் ஏழு. எல்லாவற்றிலும் ஒரே மாளிகைதான். புத்தகத்துக்கு ஒரு குடும்பம் அதில் வாடகைக்கு வந்து இறங்கும். கோமகன்கள், சீமாட்டிகள், குதிரை வண்டிகள், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடனம். ஒரு மனிதன் ஒரு பெண்ணிடம் தன் மனசைச் சொல்ல முந்நூறு பக்கம் எடுத்துக்கொள்வான். பிரேக் அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது பெண்டாட்டிக்குக் கதை சொல்வார். மகள் வளர்ந்ததும் அவளே படித்தாள். அப்புறம் வீட்டுப் பேச்சே அந்தக் கதையாகப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கருமி அம்மாளுக்கு மூணாம் புத்தகத்துச் சீமாட்டி என்று பெயர். வாடகை வீட்டுக்காரர் கோமகன். ஆளை மயக்கிவிட்டு உள்ளே ஒன்றை ஒளித்து வைத்திருப்பவன் கேப்டன்.

ஆறாம் புத்தகத்தில்தான் கேப்டன் வருவான். வெள்ளைக் கையுறை, இனிக்க இனிக்கப் பேச்சு. கடைசியில் பார்த்தால் வேறொரு ஊரில் அவனுக்கு ஒரு மனைவி இருப்பாள். நிச்சயம் முடிந்து விருந்து நடக்கிற அன்று விஷயம் வெடிக்கும்.

மகள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இந்தப் பையன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறான். இனிக்க இனிக்கத்தான் பேசுவான். "கையுறையும் போடுறான்" என்றார் அண்ணன்.

"ரத்தம் எடுக்கிறவன் கையுறை போடாம என்ன, கையில காப்பா போடுவான்?" என்றாள் பெண்டாட்டி.

மகள் சிரிக்கவில்லை. "நீங்க அவரைப் பாக்கவே இல்லை அப்பா. புத்தகத்தைப் பாத்துட்டு அவரைப் பேசுறீங்க. அதையாவது இன்னொரு தடவை ஒழுங்காப் படிங்க."

அதற்காகத்தான் இந்தப் படிப்பு.

முதல் தடவை படித்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அப்போது கேப்டனையும் அவன் குதிரையையும்தான் பார்த்தார். இப்போது அந்தப் பெண்ணின் தகப்பன் கண்ணில் வந்து வந்து விழுந்தார். முன்பு அப்படி ஒருவர் கதையில் இருந்ததாகவே ஞாபகம் இல்லை. பெண்டாட்டி இறந்துபோன ஒரு கனவான். மூன்றாம் அத்தியாயத்திலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கேப்டன் தன் குடும்பத்தைப் பற்றி ஏதோ முழுங்குகிறான் என்று தெரிகிறது. ஆனால் கேட்க மாட்டேன் என்கிறார். கேட்டால் மரியாதைக் குறைவாம். கேட்க வேண்டிய நேரம் வரும்போதெல்லாம் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விடுகிறார்.

"கேட்டுத் தொலையேன்யா," என்றார் அண்ணன், வேனின் அடிவயிற்றைப் பார்த்து.

அடுத்த பக்கத்திலும் அந்த மனிதர் மீன்தான் பிடித்தார். அண்ணனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து அந்த எரிச்சலே திரும்பி அவரைக் கடித்தது. பையன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறான். இரண்டு தடவையும் இவர் ஒரு வார்த்தை பேசாமல் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பிரேக் எண்ணெய்க் குழாயைக் கழற்றி மாட்டினால் அதற்குள் காற்று புகுந்துவிடும். ஒவ்வொரு சக்கரமாக அந்தக் காற்றை வெளியே விட வேண்டும். எங்கேயாவது மிச்சம் இருந்தால், மிதிக்கும்போது பெடல் மெத்தை மாதிரி அமுங்கும்; வண்டி நிற்காது. அண்ணன் தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை இது. ஆனால் இதுவரை புத்தகத்தோடு செய்ததில்லை. மூன்று சக்கரம் முடித்தார். நான்காவதுக்குப் போகும் முன் விருந்து அத்தியாயம் வந்துவிட்டது. அதை முடித்து, புத்தகத்தைக் கருவிப் பெட்டியில் எறிந்துவிட்டு எழுந்தபோது, வேலையும் முடிந்துவிட்டது என்றே அவர் மனசு சொன்னது.

வாசலில் பையன் நின்றுகொண்டிருந்தான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை.

"வணக்கம் சார். பட்டறையை ரொம்ப நேர்த்தியா வெச்சிருக்கீங்க."

கேப்டனும் இப்படித்தான் தொடங்குவான். அண்ணன் துணியில் கையைத் துடைத்தார். "ஏறு."

"எங்க சார்?"

"வண்டியில. ஓட்டிப் பாக்கணும்."

வேலை முடிந்த எந்த வண்டியையும், சொந்தக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பக்கத்துத் தெரு இறக்கத்தில் ஓட்டிக் காட்டாமல் அவர் விடமாட்டார். ஓடும் வண்டியில் ஆட்கள் உண்மை பேசுவார்கள் என்பது அவர் அனுபவம். எங்கே இடித்தார்கள், யாரிடம் கொடுத்துக் கெடுத்தார்கள், எல்லாம் வரும். அன்று பேக்கரிக்காரர் வெளியூர். அவர் இடத்தில் இவன் உட்கார்ந்தான்.

வண்டி சந்து திரும்பியது. வேனுக்குள் பழைய ரொட்டி வாசனை.

"உங்க மகள் உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவாங்க சார்."

"நான் ஒண்ணு கேக்கணும்," என்றார் அண்ணன். வேன் இறக்கத்தின் உச்சிக்கு வந்துவிட்டது. "சுத்தி வளைக்கத் தெரியாது எனக்கு. உனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காதுமடல் சிவந்துவிட்டதை மட்டும் அண்ணன் பார்த்தார். வேகத்தைக் குறைக்கக் காலை வைத்தார்.

பெடல் தரைவரைக்கும் போயிற்று.

எடுத்து மறுபடி மிதித்தார். பாதி பிடித்தது, அதுவும் நழுவியது. வேன் இறங்கத் தொடங்கிவிட்டது. நான்காவது சக்கரம் அப்போதுதான் அவர் மூளையில் வந்து நின்றது. பின்னால் காலி ரொட்டித் தட்டுகள் தடதடத்தன.

"சார், மெதுவா," என்றான் பையன்.

அண்ணன் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துக்கொண்டே கியரை இறக்கினார். இஞ்சின் அலறியது. கீழே முச்சந்தி, அதில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"சார், சொல்லிடுறேன் சார். நிறுத்துங்க."

வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"ஆயிருக்கு சார். கல்யாணம் ஆயிருக்கு. கோர்ட்டுல முடிஞ்சுபோச்சு. சத்தியமா முடிஞ்சுபோச்சு. ஐயோ சார், நான்தான் சொல்லிட்டேனே, நிறுத்துங்க சார்."

"நிறுத்த மாட்டேன்னாடா சொல்றேன்? பிரேக் இல்லடா."

பையன் இரண்டு கையாலும் முன்பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடினான். அண்ணன் கைப்பிரேக்கை இழுத்தார். வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. இடதுபுறம் ஒரு புது வீட்டுக்காகக் கொட்டிய மணல் குவியல் தெரிந்தது. திருப்பினார். மூக்கு மணலுக்குள் புதைந்து வேன் நின்றது. பின்னால் ஒரு தட்டு மட்டும் கொஞ்ச நேரம் சுழன்று அடங்கியது.

தண்ணீர் லாரி ஒன்றும் அறியாமல் போய்க்கொண்டிருந்தது.

"அடி பட்டுச்சா?"

"இல்ல சார்." பையனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலைமுடி நாலா பக்கமும். "நீங்க வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன்."

"பைத்தியமா எனக்கு? காத்து எடுக்காம விட்டுட்டேன். என் தப்பு." இத்தனை வருஷத் தொழிலில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. "இப்ப மெதுவாச் சொல்லு."

பையன் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வீட்டில் பார்த்து முடித்த கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு வேறொருவர்மேல் விருப்பம். வீட்டுக்குப் பயந்து தலையாட்டியிருக்கிறாள். சில மாதம் கழித்து இவனிடம் சொல்லி அழுதாள். "கட்டிப் போட்டு வெச்சு என்ன சார் பண்றது? பிரிஞ்சுட்டோம். இப்ப அவரோடதான் இருக்காங்க."

புத்தகம் சொன்னது சரியாகப் போய்விட்டது. ஆனால் அண்ணனுக்குச் சந்தோஷமாக இல்லை. "என் பொண்ணுகிட்ட மறைச்சிட்டே."

"இல்ல சார். பழக ஆரம்பிச்சதுமே சொல்லிட்டேன். அவங்கதான்..." நிறுத்தினான்.

"அவங்கதான்?"

"அப்பாகிட்ட இப்ப வேணாம்னாங்க. உங்க வீட்டம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

மணலில் புதைந்த வண்டியைவிட இது கனமாக இருந்தது. மூன்று பேருக்குத் தெரியும். வீட்டுத் தலைவருக்கு மட்டும் தெரியாது. கேப்டன் பெண்ணிடம் மறைத்தான். இங்கே பெண் மறைத்திருக்கிறாள், அப்பனிடம்.

வேனை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் மேடேறி நடந்தார்கள். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. தாயும் மகளும் வாசலிலேயே நின்றார்கள். பையனின் கோலத்தைப் பார்த்ததும் மகளின் முகம் மாறிவிட்டது.

"என்ன அப்பா பண்ணினீங்க அவரை?"

"நான் பண்ணினது இருக்கட்டும். எனக்கு மட்டும் சொல்ல வேணாம்னு யாரு முடிவு பண்ணினது?"

மகள் பையனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்தான். பெண்டாட்டி முன்னால் வந்தாள்.

"நான்தான். முதல்லயே சொல்லியிருந்தா அவனை வாசப்படி ஏற விட்டிருப்பீங்களா? ஸ்பேனர் பறந்திருக்கும்."

அண்ணன் யோசித்தார். "பறந்திருக்கும்," என்றார்.

"பின்னே?"

"அதுக்காக இவளும் என்கிட்ட ஒளிக்கிறதா?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "பயமா இருந்துச்சு அப்பா," என்றாள். போகிறேன், வர மாட்டேன் என்று நேற்று நிமிர்ந்து நின்றவளின் குரல் இல்லை அது. அவருக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. அடியில் போய்ப் படுத்துக்கொள்ள வண்டியும் இல்லை.

"அந்தப் பொண்ணோட நம்பர் இருக்கா?" என்றார் பையனிடம்.

"யாரோடது சார்?"

"உன்னை விட்டுட்டுப் போன பொண்ணு."

"அப்பா," என்றாள் மகள்.

"நான் யாரையும் அடிக்கப் போறதில்ல. கேக்கப் போறேன். இருக்கா, இல்லையா?"

பையன் கைப்பேசியை எடுத்தான். எண்ணைத் தேடி அழுத்தினான். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து அண்ணன் கையில் கொடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எடுக்க மாட்டார்கள் என்று தோன்றிய நேரத்தில் ஒரு பெண் குரல் வந்தது. பின்னால் குழந்தை அழும் சத்தம்.

"என்னங்க, நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சு."

அந்தக் குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. அண்ணன் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனார். "அம்மா, நான் அவன் இல்ல. அவனுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு பாக்கிறவன். பொண்ணைப் பெத்தவன். இப்படிக் கேக்கிறது முறையான்னு எனக்குத் தெரியல. கேக்காம இருக்கவும் முடியல."

அந்தப் பக்கம் குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம் கேட்டது.

"கேளுங்க," என்றாள்.

"ஆள் எப்படி?"

"நல்லவர்ங்க. நான் அழுதுட்டு நின்னப்ப ஒரு வார்த்தை திட்டல. எங்க வீட்டுல எல்லாரும் கதவைச் சாத்தினாங்க, இவர்தான் கூடவே வந்து என்னைக் கொண்டுபோய் விட்டாரு. எனக்குத் தைரியம் இல்லாதது அவர் தப்பு இல்லைங்க."

"குறைன்னு ஒண்ணு இருக்குமில்ல? மறைக்காமச் சொல்லு தாயி."

அவள் யோசித்தாள். "தூக்கத்துல பல்லைக் கடிப்பாரு. நறநறன்னு. பக்கத்துல படுக்க முடியாது."

பெண்டாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையன் மணல் ஒட்டிய தன் செருப்பைப் பார்த்தபடி நின்றான்.

"நன்றிம்மா. பிள்ளை அழுவுது, பாரு," என்று சொல்லி அண்ணன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். யாரையும் பார்க்காமல் செருப்பைக் கழற்றினார். வாசல் குழாயைத் திறந்து முழங்கை வரைக்கும் நிதானமாகக் கழுவினார். மூன்று பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பல்லைக் கடிப்பானாம்," என்றார் மகளிடம், திரும்பாமலே. "தெரியுமா உனக்கு?"

"தெரியாது அப்பா."

"இப்பத் தெரிஞ்சுக்கிட்டேல்ல? பின்னாடி என்னைக் குறை சொல்லக் கூடாது." குழாயை மூடினார். பிறகு பையன் பக்கம் திரும்பி, "நின்னுக்கிட்டே இருக்கே. உள்ள வந்து உக்காரு," என்றார்.