ஒன்பதாம் மாதத்து டிக்கெட்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கி இறக்கியே சொந்தமாக நான்கு லாரி வாங்கினேன். கள்ளக்குறிச்சியில் என்னைத் தெரியாதவர் கம்மி. மலையிலிருந்து கிழங்கு எத்தனை மணிக்கு ஜவ்வரிசி மில்லுக்கு வரும் என்று நான் சொன்னால் சொன்னதுதான். மழை பெய்தாலும் மாறாது.

அந்தத் திமிரோடுதான் என் ஒரே மகளை டொரண்டோவில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தேன். அவ்வளவு தூரமா என்று என் மனைவி அழுதாள். மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டர். நடுவில் ஓர் ஊரில் மாறி ஏறினால் சென்னைக்கு இருபத்திரண்டு மணி நேரம்.

"நம்ம லாரி குஜராத் போவவே நாலு நாளு ஆவுது. இது ஒரு நாளுகூட இல்ல. இன்னாத்துக்கு அழுவுற?" என்றேன்.

மகள் உண்டானாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று பேச்சு. ஏழாம் மாதமே வரச் சொல்லலாம் என்றாள் மனைவி. நான் மாடியில் மகளுக்கென்று ஏசி ரூம் கட்டிக்கொண்டிருந்தேன். டைல்ஸ் வேலை முடியவில்லை. சம்பந்தி வீட்டார் வந்து அரைகுறை வீட்டையா பார்ப்பது?

"ஒம்பதாம் மாசம் வரட்டும். சீட்ல உக்காந்துகினு வரப்போறா, அவ்ளோதான?"

"வவுத்துல புள்ளைய வச்சிக்கினுங்க..."

"உனுக்கு இன்னா தெரியும்? சும்மா இரு."

மாப்பிள்ளைகூட, "லேட்டானா ஏத்த மாட்டாங்க மாமா, டாக்டர் லெட்டர் கேப்பாங்க" என்றார். நான் காதில் வாங்கவில்லை. ஒன்பதாம் மாதத்துக்கு டிக்கெட் போடவைத்தேன்.

ஏர்போர்ட்டிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அத்தா, ஏத்த மாட்டேன்றாங்க. நாள் தாண்டிடுச்சாம்."

"கவுண்டர்ல இருக்கறவன் கையில போனைக் குடு. நான் யாருன்னு சொல்றேன்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுத்தா." சிரித்தபடிதான் சொன்னாள். பிறகு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நாங்களாவது போகலாம் என்றால் இருவருக்கும் பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பித்தோம். அது கைக்கு வருவதற்குள் மகளுக்கு வலி வந்துவிட்டது.

பெண் குழந்தை. அழவே இல்லை.

இங்கே இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று ஊரில் டாக்டர் ஒருவரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிழைக்காமலே போயிருக்கட்டும். வலியில் மகள் பிடித்துக்கொள்ள அவள் அம்மாவின் கை இருந்திருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்ற நாலு பேர் இருந்திருப்பார்கள். அங்கே மாப்பிள்ளை ஒருவரே தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்.

நாற்பது நாள் கழித்து மகளிடம் பேசினேன்.

"டிக்கெட் போடச் சொல்றேம்மா. வூட்டுக்கு வந்துடு. கொஞ்ச நாளு அம்மாகூட இரு."

 

"அத இங்க தனியா வுட்டுட்டு எப்படித்தா வர்றது?"

 போனை மனைவியிடம் நீட்டினேன்.