மெர்சி டீச்சர் வரைய விடாத கோடு

விம்கோ நகரில் ரயிலுக்காக நின்றபோது தலைமையாசிரியர் போனில் மெர்சி டீச்சர் இறந்துபோன செய்தியைச் சொன்னார். நம்பாமல் டீச்சரின் எண்ணுக்கே அழைத்தேன். அவர் தங்கை எடுத்து அழுதார். நானும் அங்கேயே நின்று அழுதேன்.

எங்கள் திருவொற்றியூர்ப் பள்ளியில் அவர் புவியியல், நான் வரலாறு. "இன்னா ஹிஸ்டரி, இன்னிக்கு எந்த ராஜாவ சாவடிக்கப் போற?" என்பதுதான் எனக்கு அவருடைய காலை வணக்கம். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்ததை அவரை அறிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வரைபடம் வரைந்தால் மட்டும் போதாது. அதன்மேல் விரலை வைத்து, அது சொல்வதை உரக்கப் படிக்க வேண்டும். "பொய் வந்தா கிழிச்சுடு" என்பார். அந்தச் சத்தத்தில் பக்கத்து அறையில் என் ராஜாக்கள் எல்லாம் தோற்றுப்போனார்கள்.

ஒரு பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் துணைக்கு நானும் இருந்தேன். காசிமேட்டு விசைப்படகுகளின் மாதாந்திர மீன்வரத்தை வகுப்பே பட்டை வரைபடமாக வரைந்திருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முகம் சுளித்தார். மாதக் கணக்கென்றால் கோட்டு வரைபடம்தான், எல்லோருக்கும் மதிப்பெண் குறையும் என்றார். பிள்ளைகளுக்கு முகம் செத்துவிட்டது.

நானாக இருந்தால் கத்தியிருப்பேன். மெர்சி கரும்பலகையில் அதே கணக்கைக் கோடாக வரைந்தார். "சார், விரல வச்சுப் படிங்க."

அவரும் படித்தார். "ஏப்ரல்லேர்ந்து மே வரைக்கும் மீன்வரத்து படிப்படியா குறையுது..."

முன்வரிசை ரேவதியின் அப்பா லாஞ்ச் என்கிற விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அவளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார் படிப்படியா? மீன்பிடித் தடை வந்தா ஒரே நாள்ல மொத்த லாஞ்சும் கரைலதான் கீது. எங்க வூட்ல அடுப்பு படிப்படியாவா அணையும்?"

தேர்வாளர் கோட்டையும் பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டை வரைபடத்தில் மே மாதம் வெறும் இடமாக இருந்தது. "பட்டைதாம்மா சரி" என்று சிரித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டார். வகுப்பு கூரை பிய்ந்துபோகக் கத்தியது. "பக்கத்துல பரீட்சை நடக்குது!" என்று அதட்டிய மெர்சிதான் அடுத்த நொடி விசிலடித்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விரல். எதையும் உரக்கப் படித்துப் பார்க்காமல் இப்போது நான் நம்புவதில்லை. நேற்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர், "கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைந்தார்" என்று வாசித்தார். நான் எழுந்து நிறுத்தினேன். "இல்லீங்க. போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் முழு உயரத்துல நின்னு பாடம் நடத்துனாங்க" என்றேன்.

பின்னால் நின்றிருந்த அவருடைய மாணவர்கள் கைதட்டினார்கள். துக்கம் நடந்த இடம் என்று யாரும் தடுக்கவில்லை.